முட்டல்

பதினோரு வருஷமாய் அடக்கம் உடையவன் நான்.
விடிகாலை மூன்றரைக்கு ஜொகூரில் வண்டியை உதைத்தால்
பாலத்தின் மேல் ஹெல்மெட்டுக்குப் பின் ஹெல்மெட்,
ஒதுங்க ஒரு மரமில்லை.
இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கடல்,
நடுவே என் அடிவயிற்றில் இன்னொன்று.
உட்லண்ட்ஸ் சாவடி தாண்டி முதல் கழிப்பறை வரை
ராகுகாலம் எமகண்டம் எல்லாம் அங்கேதான்.

அப்படிப்பட்டவனின் தொடையை
துவாஸ் பட்டறையில் சரிந்த இரும்புச்சட்டம்
இரண்டாக்கிப் போட்டது.

அறுவைக்கு முந்தின மாலை
மயக்க டாக்டர் ஹுவெய் ஷான் வந்தார்.
தமிழில் சொல்ல மிஸ்ஸி சந்திரவதனி.
பல் ஆடுகிறதா, சிகரெட் உண்டா, எல்லாம் கேட்டுக் கடைசியில்:
"மயங்கிய பிறகு ஒரு குழாய் போடுவோம்.
விழித்ததும் முட்டும்.
எழுந்து ஓடணும் போல இருக்கும்.
முட்டுவது குழாய்தான், நீர் இல்லை."

நான் தலையாட்டினேன்,
படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் ஆட்டுகிற மாதிரி.
மிஸ்ஸி விடவில்லை. "திருப்பிச் சொல்லுங்க" என்றாள்.
தங்கை வயசுப் பெண்ணிடம்
அந்தச் சொல்லை எப்படி எடுப்பது?
"ஒண்ணுக்கு..." என்றேன்.
"வரும்னு தோணும். வராது."
"அவ்வளவுதான்" என்று எழுதிக்கொண்டாள்.

நான் இல்லாத நேரத்தில் நடந்ததைப் பின்னால் கேட்டேன்.
பதினாறாம் நம்பர் குழாயை வைத்துவிட்டு
பதினாலை எடுத்தார்களாம்.
மரத்துப்போகும் களிம்பு, தாராளமாய்.
இழுபடாதிருக்க நல்ல தொடையில் பிளாஸ்திரி.
கண் திறக்கும் முன்பே ஏதோ ஒரு மருந்தும் ஏறியிருக்கிறது.
பெயர் சொன்னார்கள், மறந்துவிட்டேன்.

விழித்தேன்.
பாலத்தின் மேல்தான் விழித்தேன்.
முன்னால் சிவப்பு விளக்கு, பின்னால் எவனோ ஹாரன் அடிக்கிறான்,
முட்டுகிறது, ஐயோ
முட்டுகிறது,
இறங்கி ஓட ஒரு காலைத் தேடுகிறேன்.
அப்போது என் குரலே எனக்குக் கேட்டது:
வரும்னு தோணும். வராது.

முட்டல் போய்விடவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.
ஆனால் தெரிந்த நாய் குரைத்தால்
யாரும் ஓடுவதில்லைதானே.

பக்கத்துப் படுக்கையில் ஓர் அப்பெக்.
அவசரமாய்க் கொண்டுவந்திருப்பார்கள்,
முன்கூட்டிச் சொல்ல யாருக்கும் நேரமிருந்திருக்காது.
கத்துகிறார். குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார்.
கையைப் பிடித்திருக்கும் மிஸ்ஸிகளில்
ஒருத்தி கேரளா, ஒருத்தி மணிலா.
அவரோ ஹொக்கியன் தவிர
எதுவும் காதில் ஏறாத நிலையில்.

ஃபோர்மன் என்னைத் திட்டித் திட்டியே
கற்றுக்கொடுத்த மொழி அது.
நல்ல வார்த்தை அதில் அதிகம் தெரியாது.
நாக்கு பஞ்சாய்க் கிடந்தது. இருந்தாலும்
திரைக்கு இந்தப்பக்கமிருந்து கத்தினேன்:
"அப்பெக்! ஜியோ போ லியாவ்!"
மூத்திரம் தீர்ந்துபோச்சு.

ஒரு நொடி யாரும் பேசவில்லை.
பிறகு அவர் கேட்டார்,
கல்லாவில் காசு குறைந்த முதலாளியைப் போல:
"எங்கே போச்சு?"

பைக்கு ஹொக்கியனில் எனக்குச் சொல் இல்லை.
"பிளாஸ்டிக்" என்றேன். "கீழே தொங்குது."

ஊசியும் போட்டார்கள் அவருக்கு.
முனகல் மெல்லத் தணிந்தது.
ஊசியாலா, பிளாஸ்டிக்காலா,
எனக்கென்ன தெரியும், நான் வெல்டர்.

மறுநாள் காலை குழாயை எடுத்தார்கள்.
முதல் தடவை எரிந்தது. அதையும் மிஸ்ஸி சொல்லியிருந்தாள்.
மாலையில் கோமளி பாலம் கடந்து வந்தாள்,
பஸ்ஸில் இரண்டே முக்கால் மணி நேரம்.
எப்படி இருக்கு என்றுகூடக் கேட்கவில்லை.
கைப்பையை என் வயிற்றின் மேல் போட்டுவிட்டு
"இதோ வந்துடறேன்" என்று
கழிப்பறைக்கு ஓடினாள்.